அஜாக்கிரதை: தொப்பூர் கணவாயில் ஒரு சொல்லின் வரலாறு

தமிழில் விபத்துச் செய்திகளைப் படிப்பவர்களுக்கு ஒரு சொற்றொடர் மனப்பாடமாகவே ஆகியிருக்கும்: 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் வாகனத்தை ஓட்டிவந்து'. போலீஸ் ஸ்டேஷனில் எழுதப்படும் முதல் தகவல் அறிக்கையில் அது பிறக்கும். அங்கிருந்து குற்றப்பத்திரிகை, இழப்பீட்டு மனு, மறுநாள் பேப்பர் என்று ஒரு எழுத்துகூட மாறாமல் நகரும். அதிவேகத்தை அளக்கவாவது மீட்டர் இருக்கிறது. அஜாக்கிரதைக்கு என்ன இருக்கிறது? வடமொழியில் ஜாக்ரத் என்றால் விழித்திருக்கும் நிலை. அப்படிப் பார்த்தால் அஜாக்கிரதை என்பது விழிப்பு இல்லாமை. ஸ்டியரிங்கில் கண் அசந்தவன், போனைக் குனிந்து பார்த்தவன், பெண்ணின் கல்யாணக் கடனை நினைத்துக்கொண்டு ஓட்டியவன், பிரேக் பிடிக்காமல் கதறிக்கொண்டே வந்து மோதியவன் எல்லோருக்கும் இந்த ஒரே சொல்தான்.

இந்தச் சொல் தருமபுரி மாவட்டத்தில் எழுதப்பட்ட அளவுக்கு வேறு எங்காவது எழுதப்பட்டிருக்குமா என்று எனக்குச் சந்தேகம். காரணம், மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில் இருக்கும் தொப்பூர் கணவாய். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. சேலம் 300 மீட்டருக்கும் கீழே. நடுவில் இருக்கும் சுமார் 200 கிலோமீட்டரில் சாலை எங்காவது இறங்கித்தானே ஆகவேண்டும்? கிருஷ்ணகிரி, தருமபுரி வரைக்கும் நிதானமாக இறங்கிவந்து, தொப்பூரில் இரண்டு மலைக்கு நடுவே திடீரென்று சரிகிறது. வளைவு, சரிவு, மறுபடி வளைவு. பிறகு இரட்டைப் பாலம்.

2020 டிசம்பர் 12. முன்னால் நடந்த இன்னொரு விபத்தால் வண்டிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. சிமென்ட் ஏற்றிவந்த ஒரு லாரி கட்டுப்பாட்டை இழந்து அந்த வரிசைக்குள் பாய்ந்தது. பத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் நசுங்கின, நான்கு பேர் செத்தார்கள். 2024 ஜனவரி 24 மாலை, மறுபடியும் பாலத்தில் லாரிகளும் கார்களும் மோதி, ஒரு லாரி பாலத்திலிருந்து கீழே விழுந்தது, தீப்பிடித்தது. அன்றும் நான்கு பேர். இரண்டாவது விபத்தின் கேமராப் பதிவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சில நொடிகள்தான். நான் அதை எத்தனை முறை பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ள விருப்பமில்லை. அந்தப் பதிவில் லாரி வருவது தெரியும், மோதுவது தெரியும். அதற்கு முந்தைய பத்து மணி நேரம் தெரியாது. இந்தக் கட்டுரை அந்தத் தெரியாத பகுதியைப் பற்றியது.

இந்த வழி பழசு. தருமபுரிதான் சங்ககாலத் தகடூர், அதியமான்களின் ஊர். இந்தப் பக்கம் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் காதக்கல் ஒன்று 'அதியமான் பெருவழி' என்று சாலைக்கே பெயர் சொல்கிறது. நாவற்தாவளம் என்ற இடத்துக்கு 29 காதம் என்று தூரத்தை எழுத்திலும் எண்ணிலும் பொறித்திருக்கிறார்கள். அதோடு விடவில்லை. கீழே இரண்டு பெரிய குழி, ஒன்பது சின்னக் குழி. பெரியது பத்து, சின்னது ஒன்று. படிக்கத் தெரியாதவரும் குழியை எண்ணித் தூரத்தைத் தெரிந்துகொள்ளலாம். கல்வெட்டு ஆய்வாளர்களுக்கு இது அளவைகளின் வரலாறு. எனக்கு வேறு ஒன்று தோன்றும். நின்று, குனிந்து, எண்ணிப் பார்க்க நேரம் இருக்கும் என்று வழிப்போக்கரை நம்பி வெட்டிய கல் அது.

போர்க் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1790 நவம்பரில் திப்பு சுல்தானின் படை பாராமகாலிலிருந்து தெற்கே இறங்கியது இந்தக் கணவாய் வழியாகத்தான். ஆங்கிலத் தளபதி மெடோஸ் பின்னாலேயே துரத்திவந்தார். 1792 உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனியின் கைக்குப் போனது. ரீடும் மன்றோவும் வந்து நிலம் அளந்தார்கள். அதன்பிறகு இந்த வழி பெரும்பாலும் வண்டிமாடுகளின் வழி.

மாட்டுவண்டியைப் பற்றி நாம் கொஞ்சம் நிதானமாக யோசிக்கலாம். பாரவண்டிகள் வெயிலுக்குப் பயந்து ராத்திரியில்தான் போகும். ஒன்றன்பின் ஒன்றாக, அடியில் அரிக்கேன் விளக்கு ஆட. வண்டிக்காரர்? மூட்டைமேல் சாய்ந்து தூங்குவார். இன்றைய சட்டத்தின் கண்ணில் முழு அஜாக்கிரதை. ஆனால் மாடு தூங்காது. அதற்கு வழி தெரியும். முன்வண்டி நின்றால் தானும் நிற்கும், பள்ளம் வந்தால் ஒதுங்கும். விழித்திருக்கும் வேலையை மனுஷனும் மாடும் பங்கு போட்டுக்கொண்டார்கள். இறக்கம் வந்தால் மட்டும் அவர் எழுந்து கீழே குதிப்பார். தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு மாட்டோடு நடப்பார், சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பார்.

முட்டுக்கட்டை என்ற சொல்லை இன்றைக்கு நாம் திட்டுவதற்குத்தான் வைத்திருக்கிறோம். 'நல்ல காரியத்துக்கு முட்டுக்கட்டை போடுறான்' என்கிறோம். தேர் ஓடும் ஊர்க்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆயிரம் பேர் வடம் பிடிக்கலாம். தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தடியில் கட்டை போடும் நாலு பேர்தான். உயிரைப் பணயம் வைக்கிற வேலை, பரம்பரையாகக் கற்றுக்கொள்கிற வேலை.

இனி சட்டத்துக்கு வருவோம். 1860ல் எழுதப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 279ஆம் பிரிவு, பொது வழியில் முரட்டுத்தனமாகவோ கவனக்குறைவாகவோ வண்டி ஓட்டுவதைக் குற்றம் என்றது. அதனால் மரணம் நேர்ந்தால் என்ன செய்வது என்பதற்கு 304ஏ பிரிவு 1870ல் சேர்க்கப்பட்டது. உச்சபட்சம் 2 ஆண்டு. அப்போது உலகத்தில் எங்கும் மோட்டார் கார் ஓடவில்லை. சட்டம் எழுதியவர்கள் கண்ணில் இருந்தது குதிரை வண்டி. 'ரேஷ்' என்று அவர்கள் சொன்னது முரட்டுத் துணிச்சலை. நம் போலீஸ் தமிழ் அதை அதிவேகம் ஆக்கிக்கொண்டது. 'நெக்லிஜென்ட்' அஜாக்கிரதை ஆனது. குதிரைக்காக எழுதிய வாக்கியம் அப்படியே லாரிக்கு ஏறியது, 150 வருஷத்துக்கு மேல் இறங்கவே இல்லை.

பிரிட்டனில் காரில் அடிபட்டு இறந்த முதல் பாதசாரி என்று பதிவாகியிருப்பவர் பிரிஜெட் டிரிஸ்கால். 1896 ஆகஸ்ட் 17, லண்டன் கிரிஸ்டல் பேலஸ். ஓட்டியவருக்கு மூன்று வாரப் பழக்கம்தான். வேகத்தைப் பற்றிச் சாட்சிகள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சைக்கிள் வேகம் இருக்கும் என்றார் ஒருவர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணோடு டிரைவர் பேசிக்கொண்டு வந்தார் என்றும் பேச்சு இருந்தது. ஜூரி அதைத் தற்செயல் மரணம் என்று முடித்துவிட்டது. கவனச்சிதறல் என்ற சந்தேகம் முதல் கேஸிலேயே வந்து, முதல் கேஸிலேயே பேப்பரிலிருந்து காணாமல் போனது. மனசு எங்கே போயிருந்தது என்பதற்கு டயர் தடம் விழாது இல்லையா?

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 1914ல் வந்தது. பிறகு 1939, பிறகு 1988. நாமக்கல், சங்ககிரி, சேலம் என்று கணவாய்க்குத் தெற்கே லாரித் தொழில் ஓர் உலகமாகவே வளர்ந்தது. பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில் டிரைவர், பாடி கட்டுகிறவர், டிங்கர், டயர் கடைக்காரர் என்று யாராவது இருக்கும் ஊர்கள் அவை. மாட்டுவண்டியின் ராத்திரிப் பயணத்தை லாரி அப்படியே எடுத்துக்கொண்டது. மாட்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அந்த இடத்துக்கு வந்தவர் கிளீனர்.

கிளீனர் என்ற பெயரை வைத்து, வண்டி துடைக்கிற பையன் என்று நினைத்துவிடக் கூடாது. கம்பியால் டயரைத் தட்டிச் சத்தத்தை வைத்துக் காற்று பார்ப்பவர். இடது பக்கத்துக்குக் கண். ரிவர்ஸில் 'வரலாம், வரலாம்' குரல். மேட்டில் வண்டி நின்றால் குதித்து ஓடிச் சக்கரத்துக்குக் கட்டை வைப்பவர். தேர் முட்டுக்கட்டைக்காரரின் பங்காளி என்று சொல்லலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ராத்திரி இரண்டு மணிக்கு டிரைவரோடு பேசிக்கொண்டு வருவதுதான் அவர் வேலை. 'அண்ணா, கண்ணு சொக்குது போல, ஓரங்கட்டுங்க, ஒரு டீ அடிச்சிட்டுப் போலாம்' என்று சொல்ல ஒரு ஆள். இப்படியே ஆறேழு வருஷம் இருந்து அவரும் டிரைவர் ஆவார். லைசென்ஸ் ஆபீஸ் கற்றுத்தராத எல்லாவற்றையும், எந்த இறக்கத்தில் எந்த கியர் என்பது உட்பட, அந்த சீட்டில்தான் கற்றுக்கொள்வார்.

அந்த சீட் காலியானது. கிளீனர் சம்பளம், பேட்டா, சாப்பாடு எல்லாம் கணக்குப் பார்த்தபோது, ஒல்லியாகிக்கொண்டே போன வாடகையில் முதலில் வெட்டப்பட்டவர் அவர்தான். வேலைக்கு வரும் பையன்களும் குறைந்தார்கள், அதையும் சொல்லவேண்டும். நேஷனல் பர்மிட் லாரிகளில் இரண்டு டிரைவர் இருக்கவேண்டும் என்று ஒரு விதி இருந்தது. சாலையில் அது ஏற்கெனவே பாதி செத்திருந்தது. 2018ல் அரசாங்கமே எடுத்துவிட்டது.

இதே காலத்தில் சாலையும் மாறியது. பழைய என்.எச். 7, ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை போகும் வடக்கு–தெற்கு வழித்தடத்தின் பகுதியாக நான்கு வழிச் சாலை ஆனது; பெயரும் என்.எச். 44 ஆனது. நடுவில் தடுப்பு வந்துவிட்டதால் எதிரே வண்டி வராது. நேருக்கு நேர் மோதிச் செத்தவர்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய நன்மை என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் ஒவ்வொரு நிமிஷமும் டிரைவரை எழுப்பிக்கொண்டே இருந்தது என்பதும் உண்மை. கிருஷ்ணகிரி தாண்டினால் வழவழப்பான, நேரான, ஒன்றுமே நடக்காத சாலை. மனசு தானாக வேறெங்கோ போகும். அப்படிப் போன மனசை, தொப்பூர் வந்ததும் ஒரு போர்டு 'கவனம், அபாயகரமான இறக்கம்' என்று கூப்பிடுகிறது. பல மொழிகளில் எழுதியிருக்கிறார்கள், ஏனென்றால் ராஜஸ்தானிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் வருகிறவர்களும் இங்கே இறங்கவேண்டும். அவர்களுக்கு இது முதல் தடவையாக இருக்கலாம், பக்கத்தில் சொல்ல ஆளும் இல்லை.

இறக்கத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கணக்காகப் பார்ப்போம். 30 டன் எடையுள்ள லாரி 100 மீட்டர் உயரம் கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் கூடாமல் இறங்கவேண்டுமானால் ஏறக்குறைய 3 கோடி ஜூல் ஆற்றலை எங்காவது செலவழிக்கவேண்டும். 90 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் சூடு அது. கியரில் இருந்தால் பெரும்பகுதியை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். நியூட்டரில் போட்டால் மொத்தமும் பிரேக் டிரம்முக்குப் போகும். டிரம் பழுக்கும், லைனிங் பிடிப்பை இழக்கும். கடைசியில் பெடல் இருக்கும், பிரேக் இருக்காது. ஏர் பிரேக்கில் அடிக்கடி மிதித்தால் காற்றும் தீரும்.

'நியூட்டர்ல உட்டா எண்ணெய் மிச்சம்' என்பது தலைமுறையாக வரும் லாரி ஞானம். இப்போதைய எஞ்சினில் அது தப்பு. கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் ஊற்றுவதே நின்றுவிடும். நியூட்டரில்தான் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் குடித்துக்கொண்டே இருக்கும். மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செலவழிக்கிறார்கள். டிரைவரின் கையில் மிஞ்சுவது அந்த டீசல் கணக்குதான் என்னும்போது இதை எந்த போர்டு மாற்றும்?

சரி, போன். காலியான கிளீனர் சீட்டில் வந்து உட்கார்ந்தது அதுதான். நம் சட்டமும் விளம்பரங்களும் போனை ஒரு சைத்தானாக மட்டும் பார்க்கின்றன. கார் ஓட்டுகிற நமக்கு அது பெரும்பாலும் சரிதான். 1997ல் டொரண்டோவில் 699 டிரைவர்களின் போன் கணக்கை விபத்து நேரத்தோடு ஒப்பிட்ட ரெடல்மையர், டிப்ஷிரானி ஆய்வு, பேசும்போது மோதும் அபாயம் நான்கு மடங்கு என்றது. கையில் பிடிக்காமல் பேசினாலும் பெரிய வித்தியாசமில்லை என்றது. பேச்சு காதில் இல்லை, மூளையில் நடக்கிறது என்பதால். ஆனால் 2009ல் வர்ஜீனியா டெக் லாரிகளுக்குள் கேமரா வைத்துச் செய்த ஆய்வில் ஒரு விநோதம். மெசேஜ் அடித்தால் அபாயம் 23 மடங்கு. 6 நொடியில் 4.6 நொடி கண் சாலையில் இல்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் அது 100 மீட்டர் குருட்டு ஓட்டம். அதே ஆய்வில், கையில் பிடிக்காமல் வெறுமனே பேசிக்கொண்டு ஓட்டிய லாரி டிரைவர்களுக்கு அபாயம் கூடவில்லை. நீண்ட தனிமைச் சாலையில் பேச்சு அவர்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கலாம். கிளீனர் செய்த வேலைதானே அது?

ஒரு வித்தியாசம் உண்டு. கிளீனர் சாலையைப் பார்த்துக்கொண்டே பேசுவார். வளைவு வந்தால் வாயை மூடுவார். போனின் மறுமுனையில் இருக்கும் மனைவிக்குத் தொப்பூர் வந்துவிட்டது தெரியாது. ரீல்ஸுக்குத் தெரியவே தெரியாது.

இதெல்லாம் அரசாங்கக் கணக்கில் எப்படி வருகிறது? 2021ல் நாடு முழுக்க 4,12,432 சாலை விபத்துகள், 1,53,972 சாவுகள். அதில் ஓட்டும்போது செல்போன் பயன்படுத்தியதால் என்று பதிவானவை 1,997 விபத்துகள், 1,040 சாவுகள். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அதிவேகத்தின் கணக்கில் பத்தில் ஏழு சாவுகள். நம்புகிறீர்களா? ஏதாவது ஒரு சிக்னலில் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். மோதியபிறகு போன் எங்கோ தெறித்துக் கிடக்கும், இல்லை பாக்கெட்டுக்குள் போயிருக்கும். ஓட்டியவர் உயிரோடு இருந்தால் சொல்லமாட்டார், செத்திருந்தால் சொல்ல முடியாது. எழுதுகிற ஏட்டுக்குத் தெரிவது நசுங்கிய வண்டி. அதற்குப் பொருந்தும் கட்டம் அதிவேகம். 2019 திருத்தம் கையில் போன் வைத்து ஓட்டுவதை 184ஆம் பிரிவில் ஆபத்தான ஓட்டுதலாகவே சேர்த்தது, முதல் தடவைக்கே சிறையோ 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. பிடிபடுவது சிக்னலில் நிற்கிறவர்தான்.

ஏட்டைக் குறை சொல்லி முடித்துவிட முடியாது. 'அஜாக்கிரதை' என்று அவர் எழுதுவதில் இன்னொரு நியாயம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவில் இழப்பீடு கேட்கும் குடும்பம், எதிர்வண்டி டிரைவரின் கவனக்குறைவை நிறுவவேண்டும். அந்தச் சொல் எப்.ஐ.ஆரில் இருந்தால் இன்சூரன்ஸ் பணத்துக்கு வழி திறக்கும். கணவனை இழந்து இரண்டு பிள்ளைகளோடு தீர்ப்பாய வராண்டாவில் நிற்கும் பெண்ணுக்கு அந்த ஒரு சொல்தான் சோறு. அதனால் பிரேக் போனாலும், வளைவு தப்பாக இருந்தாலும், டிரைவர் 20 மணி நேரம் தூங்காமல் இருந்தாலும், எழுதப்படுவது அஜாக்கிரதைதான். சொல்லப்போனால் அது ஒரு கருணை. ஆனால் அந்தக் கருணையால் விபத்தின் உண்மையான காரணம் அழிந்துபோகிறது, அடுத்த லாரியும் அதே சரிவில் இறங்குகிறது.

கவனம் என்பது தீர்ந்துபோகக் கூடிய சரக்கு என்று இந்த நாட்டுச் சட்டத்துக்கு ஒரு காலத்தில் தெரிந்திருந்தது. 1961ன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. தொடர்ந்து 5 மணி நேரம் வேலை செய்தால் குறைந்தது அரை மணி ஓய்வு. நல்ல சட்டம். ஆனால் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்துக்குத்தான் பொருந்தியது. ஒன்றோ இரண்டோ லாரி வைத்திருக்கும் முதலாளிகளின் ஊரில் அது யாருக்குப் பொருந்தியது? முதலாளியே டிரைவராக இருந்தால் யார் யாருக்கு ஓய்வு கொடுப்பது?

2024 ஜனவரி முதல் தேதி வட மாநிலங்களில் லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்தினார்கள். புதிய பாரதிய நியாய சன்ஹிதா, விபத்தில் மரணம் விளைவித்துவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் 10 ஆண்டு வரை சிறை என்றது. நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும், ஓடினால் 10 வருஷமா என்பது அவர்கள் கேள்வி. மறுநாளே அரசாங்கம் பேச்சுக்கு வந்தது. அடுத்த மூன்று வாரத்தில்தான் தொப்பூர்ப் பாலத்தில் அந்தத் தீ. ஜூலை 1ஆம் தேதி புதிய சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் தள்ளி வைத்தார்கள். மற்றபடி கவனக்குறைவால் மரணம் என்பதற்குத் தண்டனை 2 ஆண்டிலிருந்து 5 ஆண்டானது. 1870ன் சொல் அப்படியே இருக்கிறது.

கணவாயின் வளைவையும் சரிவையும் குறைத்து 6.6 கிலோமீட்டருக்கு உயர்மட்டச் சாலை அமைக்கத் திட்டம் போட்டிருக்கிறார்கள். செலவு 700 கோடி ரூபாய்க்கும் மேல். விபத்துகளுக்கு அஜாக்கிரதை மட்டும் காரணமில்லை என்று அரசாங்கமே இவ்வளவு பெரிய தொகையில் ஒப்புக்கொண்டது எனக்கு ஒருவகையில் ஆறுதல். இழப்பீட்டு வழக்குகளில் சாலையைக் கட்டியவர்களை யாரும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பது அபூர்வம் என்பது வேறு விஷயம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பெங்களூரிலிருந்து காரில் ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்கு இது வெறும் பழங்கதை இல்லை. இறக்கத்தில் உங்கள் முன்னால் போகிற லாரியும் பின்னால் வருகிற லாரியும் எந்த கியரில் இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியாது. டாஷ்போர்டில் ஒட்டிய போனில் மேப் ஓடிக்கொண்டிருக்கும், குரூப்பில் யாரோ 'எங்கடா வர்ற' என்று கேட்டிருப்பார்கள். கணவாய் தொடங்குவதற்கு முன்னால் சில லாரிகள் ஓரங்கட்டி நிற்பதைப் பார்க்கலாம். டிரைவர் டயரைத் தட்டிப் பார்ப்பார், முகம் கழுவுவார். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, தானே குதித்து ஓடி, சக்கரத்துக்குக் கட்டை வைக்கவேண்டும்.